495 போதும்

கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர் அண்மையில் எனக்கு நீண்டதொரு மடல் எழுதியிருந்தார். பதின்மூன்று வயது மகன் சில மாதங்களாக எயார் ரைபிள் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறானாம். வேட்டையாடுவதற்கு அல்ல. வீட்டு பேஸ்மென்றில் கடதாசி இலக்கொன்றை வைத்துச் சுட்டுப் பழகுவதற்கு. தாயாரோ, "துவக்கு என்ற சாமான் இந்த வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இருவருக்கும் நடுவில் நிற்கும் தந்தையார் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா? கொடுப்பதானால், அதிகம் செலவில்லாமல் எதை வாங்குவது?

இதைப் போய் ஒரு பத்திரிகைக்காரனிடம் கேட்பானேன் என்று நீங்கள் வியக்கலாம். ரொறன்ரோவில் என் மருமகன் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது, அங்கிருந்த எயார் ரைபிளைக் கொண்டு நானும் சில நூறு சன்னங்களைச் செலவழித்தேன் என்று முன்பொரு முறை எழுதியிருந்தேன். அதை அவர் மறக்கவில்லை போலும்.

முதலாவது கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. துவக்கு என்ற சொல்லை முப்பது வருடங்களாகச் செய்திகளில் எழுதிக் கை சலித்தவன் நான். அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எப்போதும் ஓர் எண்ணிக்கை இருக்கும். அது இறந்தவர்களின் எண்ணிக்கையாக இருக்கும். எங்கள் தலைமுறைப் பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்குகிறார்கள் என்றால் அதற்கு யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. கனடாவில் பிறந்த பிள்ளைக்கு அந்த நினைவு கிடையாது. அவன் அதை ஒரு விளையாட்டாகவே காண்கிறான். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அவன் கேட்பது எந்தப் பொருளை என்பதை அறியாமல் மறுப்பதும் சரியல்ல, அறியாமல் வாங்கிக் கொடுப்பதும் சரியல்ல.

பத்து மீற்றர் எயார் ரைபிள் 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் முதல் ஒலிம்பிக் போட்டியாக இருந்து வருகிறது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதலாவது தனிநபர் தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இதிலேயே தங்கம் வென்றார். (தகப்பனாரின் பெயர் குறளின் இரண்டாவது பாவில் வரும் சொல். மகளுக்கு இளவேனில் என்று பெயர் வைத்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.) 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் பங்குபற்றிய அதே பெண்கள் போட்டியில் இலங்கையின் டெஹானி எகொடவெலவும் நின்றார். இவர்கள் கையில் இருந்ததும் மார்க்கம் பையன் கேட்பதும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். ஒன்று மிக விலையுயர்ந்தது, மற்றது மலிவானது, அவ்வளவுதான்.

அந்தப் போட்டியின் இலக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் ஒரு பணிவு வரும். முழு வட்டத்தின் குறுக்களவு 45.5 மில்லிமீற்றர். அதற்குள் கறுப்புப் பகுதி 30.5 மில்லிமீற்றர். பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு வெறும் 0.5 மில்லிமீற்றர், பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளி. பத்து மீற்றர் தூரத்தில் நின்று 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தால் அதைத் தொட வேண்டும். இதற்கு உடல் பலமோ ஆயுதத்தின் பலமோ உதவாது. அசையாமல் நிற்கவும், மூச்சை ஆளவும், விசையை அவசரமின்றி அழுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே வாங்கிக் கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னர் தாயாரின் சம்மதம் வேண்டும். அவரை ஏய்த்து பேஸ்மென்றுக்குள் ஒளித்து வைக்கப்படும் எயார் ரைபிள், அந்த வீட்டில் இருக்கக்கூடாத எயார் ரைபிள்.

நிற்க. இனி இரண்டாவது கேள்வி. இதில்தான் எம்மவர்கள் காசை வீணாக்குகிறார்கள்.

கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கும். சன்னம் செக்கனுக்கு எத்தனை அடி வேகத்தில் குழலை விட்டு வெளியேறும் என்பதே அந்த எண். அமெரிக்கப் பெட்டிகளில் 1000, 1200 என்றெல்லாம் காணலாம். கனடாவில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் 495 என்று இருக்கும். காரணம் சட்டம். வேகம் செக்கனுக்கு 500 அடியையும், சக்தி 5.7 யூலையும் ஒருசேரத் தாண்டினால் கனடாவில் அது சட்டப்படி முழுத் துப்பாக்கி, அனுமதிப்பத்திரம் வேண்டும். இரண்டில் ஒன்றையாவது தாண்டாவிட்டால் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆகவே உற்பத்தியாளர்கள் அதே ரைபிளின் வேகத்தைக் குறைத்து, 495 என்று அச்சடித்துக் கனடாவுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த எண்ணைக் கண்டதும் எங்கள் தகப்பன்மாரின் மனம் சோர்ந்துவிடுகிறது. "இது பொம்மை" என்கிறார்கள். "வளருகிற பிள்ளை, கொஞ்சம் பலமானதாக எடுத்தால் பிறகும் உதவும்" என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அளவு பெரிய சட்டை வாங்கிய அதே கணக்கு. சட்டைக்கு அந்தக் கணக்குச் சரி. சுடுவதற்குப் பழகும் பிள்ளைக்கு அது நேர் எதிர்.

ஒரு விபரம் சொல்கிறேன். ஒலிம்பிக் போட்டிகளில் பயன்படும், ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான ரைபிள்களின் வேகமே செக்கனுக்கு 570 அடியைச் சுற்றித்தான் இருக்கிறது. உலகின் மிகத் துல்லியமான எயார் ரைபிள்களைச் செய்கிறவர்கள் விரும்பியிருந்தால் அதை இரட்டிப்பாக்கியிருக்க முடியும். பத்து மீற்றருக்கு அது தேவையில்லை என்பதால் செய்யவில்லை. 495 என்ற பெட்டியிலுள்ளது அதைவிடச் சற்றே மெதுவானது. பத்து மீற்றரைக் கடக்க அதற்கு ஒரு செக்கனின் நூறில் ஏழு பங்கு போதும். அதற்குள் சன்னம் இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவே கீழிறங்கும். குறிபார்க்கும் தகட்டைச் சிறிது திருகினால் அதுவும் சரியாகிவிடும்.

பெட்டியிலுள்ள பெரிய எண்களில் பாதி விளம்பரம் என்பதையும் சொல்ல வேண்டும். ஈயத்தை விட இலேசான கலப்புலோகச் சன்னத்தைப் போட்டு அளந்தால் எந்த ரைபிளிலும் வேகம் கூடிக் காட்டும். அந்தச் சன்னங்களை வாங்கிக் கடதாசியில் சுட்டுப் பார்த்தால் துளைகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும். வேகம் ஒலியின் வேகத்தை, அதாவது செக்கனுக்குச் சுமார் 1125 அடியை நெருங்கும்போது சன்னம் தடுமாறும். வெடிச் சத்தமும் கேட்கும். பேஸ்மென்றில் அந்தச் சத்தம் எழுந்தால் அயலவர் பொலிசுக்குத் தொலைபேசி எடுப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது.

பலமான ரைபிள் பழகுபவனைக் கெடுப்பதற்கு இன்னொரு காரணம், அது வேலை செய்யும் விதம். மலிவான ரைபிள்களில் மிகப் பெரும்பான்மையானவை சுருள்வில் வகை. குழலை நடுவில் மடித்து இழுக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் அமுங்குகிறது. விசையை அழுத்தியதும் அந்த வில் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை அமுக்க, காற்று சன்னத்தைத் தள்ளுகிறது. கவனிக்க வேண்டியது, சன்னம் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்னரே பிஸ்டன் பாய்ந்து நின்றுவிடுகிறது. ரைபிள் ஒரு தரம் பின்னுக்கும் ஒரு தரம் முன்னுக்கும் உதறுகிறது. சன்னம் இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே பிடிக்கும் விதம் சற்று மாறினாலும் துளை இடம் மாறும். வில் எவ்வளவு பலமோ அவ்வளவு உதறல். இருபது வருடம் பழகியவர்களே பலமான சுருள்வில் ரைபிளோடு மல்லுக்கட்டுகிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை மடித்து இழுப்பதே பெரும்பாடு. முப்பதாவது தடவையில் கை நோகும், ஐம்பதாவது தடவையில் ஆர்வம் போய்விடும். மெதுவான ரைபிளில் உதறல் குறைவு, இழுப்பது இலகு. நூறு தடவை சுட்டாலும் பிள்ளை சலிக்காது. நூறு தடவை சுடுகிறவன்தான் கற்றுக்கொள்கிறான்.

சரி, எதை எடுப்பது? பணம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஜேர்மனியின் வைராவுக் நிறுவனத்தின் எச்டபிள்யூ 30 எஸ் என்ற ரைபிளைத்தான் சொல்வேன். சுமார் இரண்டரைக் கிலோ நிறை, மென்மையான இழுப்பு. விசையோ, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ரைபிள்களிலும் காணக் கிடையாதது. விசை நன்றாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, ஏனென்றால் அதைப் பெட்டியில் எண்ணாக அச்சிட முடியாது. கரடுமுரடான விசை, கடைசிக் கணத்தில் குறியைக் குலைத்துவிடும். தகப்பனுக்குப் பிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு அவன் பிள்ளை என்று கைமாறக்கூடிய சாமான் அது. ஆனால் விலை, சாதாரண மலிவு ரைபிளைப் போல இரண்டு மூன்று மடங்கு. செக் நாட்டின் ஸ்லாவியா 630, 631 என்ற ரைபிள்களைக் கனடாவில் பழையதாக வாங்க முடிந்தால் பாதி வழியில் நல்லதொரு தரிப்பிடம். எளிமையான மரப் பிடங்கு, நேர்மையான குழல்.

மிக மலிவான பக்கம் போனால் கையால் பலமுறை பம்ப் அடித்துச் சுடும் வகை இருக்கிறது. அமெரிக்காவின் குரோஸ்மன் 760 அதற்கு உதாரணம், 1966 முதல் விற்பனையாகிறது. மூன்று முதல் பத்துத் தடவை அடிக்க வேண்டும். உதறல் கிடையாது, நிறை குறைவு, ஆனால் பெரும்பகுதி பிளாஸ்ரிக். ஒவ்வொரு சூட்டுக்கும் பம்ப் அடிப்பது அலுப்பூட்டும். அந்த அலுப்பை நான் ஒரு குறையாகவே கருதவில்லை. பிள்ளை படபடவென்று சுடாமல் ஒவ்வொன்றையும் யோசித்துச் சுட அது உதவுகிறது. சிறிய உருளைகளில் வரும் கரியமில வாயுவால் இயங்குபவை பார்க்க வசதியானவை. உருளைக்கு ஓயாமல் காசு போகும். குளிரில் அழுத்தம் இறங்கி வேகமும் மாறும். அமுக்கிய காற்றை முன்கூட்டியே நிரப்பும் வகை மிகத் துல்லியமானதுதான். ஆனால் அதற்குப் பம்போ காற்றுத் தாங்கியோ தனியாக வேண்டும். புதியவர்களுக்கு அது வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விட என் மனதுக்குப் பிடித்தது டெய்சி 853. டெய்சி நிறுவனத்தின் கதையே ரசமானது. 1880களில் மிச்சிகனின் பிளிமத் என்ற ஊரில் காற்றாலை செய்து விற்றவர்கள், காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு எயார் கன் ஒன்றை இனாமாகக் கொடுத்தார்கள். இனாம் சாமானுக்குக் கிராக்கி காற்றாலையை மிஞ்சியதும் தொழிலையே மாற்றிக்கொண்டார்கள். அந்த நிறுவனம் இளைஞர் பயிற்சிக்கென்று செய்ததுதான் 853. ஒரு தடவை நெம்புகோலை இழுத்தால் ஒரு சூட்டுக்குரிய காற்று நிரம்பும். உதறல் இல்லை. ஜேர்மனியின் லோதர் வால்தர் குழல். கண்ணுக்கருகில் சிறு துளையுள்ள, போட்டிகளுக்குரிய குறிகாட்டி. கனடாவின் கடெற் படையணிகள் பிள்ளைகளுக்குச் சுடப் பழக்கியது இதன் ஐந்து சன்னம் கொள்ளும் வடிவத்தைக் கொண்டுதான்.

கடெற் என்றதும் ஒன்றை வலியுறுத்த வேண்டும். பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வரையான பிள்ளைகள் அதில் சேரலாம், சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. என் மருமகனின் மகன் அங்கேதான் பழகினான். நான் மூச்சை இறுக அடக்கிக்கொண்டு நடுங்குவதைக் கண்டு, "தாத்தா, முழுக்க அடக்க வேண்டாம். பாதி விட்டிட்டு நில்லுங்கோ. சுட்டாப் பிறகும் துவக்கை உடனே இறக்காதையுங்கோ" என்றான். எந்தக் கடைக்காரரும் எனக்கு இவ்வளவு பயனுள்ள வார்த்தை சொல்லவில்லை. மார்க்கம் நண்பர் வாங்குவதற்கு முன்னர் மகனை அங்கே அனுப்பிப் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்தும் அவன் ஆர்வம் குறையாவிட்டால் கடைக்குப் போகலாம். படையணி என்ற சொல்லே தாயாருக்கு ஒவ்வாது என்றால், பிள்ளைகளைச் சேர்க்கும் துப்பாக்கிச் சுடுதல் கழகங்கள் இருக்கின்றன.

எதை எடுத்தாலும் கடையிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். பிள்ளையின் முழங்கை மடிப்பில் பிடங்கின் அடியை வைத்துப் பாருங்கள். விரல் வலிக்காமல் விசையை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அது பெரியவர்களின் ரைபிள். தொலைநோக்கியோடு சேர்த்து விற்கப்படும் பெட்டியைத் தவிருங்கள். மலிவான தொலைநோக்கிகள் பத்து மீற்றரில் மங்கலாகத் தெரியும். சுருள்வில்லின் உதறலில் சில மாதங்களில் உள்ளே கழன்றுபோகும். திறந்த குறிகாட்டியில் பழகிய கண்ணுக்குப் பிறகு எதுவும் இலகு.

இராணுவத் துப்பாக்கியைப் போல வடிவமைத்த கறுப்பு எயார் ரைபிள்களும் விற்பனைக்கு உண்டு. பிள்ளைகள் அவற்றைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள். வாங்க வேண்டாம். அவற்றில் நல்ல விசையும் இல்லை, நல்ல குறிகாட்டியும் இல்லை. சாளரத்துக்கு வெளியேயிருந்து பார்க்கும் ஒருவருக்கு அது விளையாட்டுச் சாமான் என்று தெரியாது, அழைத்து வரப்படும் பொலிஸ்காரருக்கும் தெரியாது. அந்த உருவத்தை எங்கள் வீடுகளில் பிள்ளையின் கையில் பார்க்க எனக்கு மனம் ஒப்பவும் இல்லை. மர நிறத்தில், பழைய மாதிரியில் ஒன்று போதும். காரிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போனாலும் உறையில் போட்டே எடுத்துப்போக வேண்டும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பெரும் தவறு நடக்கிறது. கையிலிருப்பது முழுவதையும் ரைபிளுக்குக் கொடுத்துவிட்டு, இலக்கின் பின்னால் பழைய மட்டைப்பெட்டி ஒன்றை வைக்கிறார்கள். நூறு டொலர் இருந்தால் அறுபதுக்கு மேல் ரைபிளுக்குப் போகக்கூடாது. மிச்சம் சன்னத்துக்கும், கண்ணாடிக்கும், சன்னத்தை ஏந்தும் பெட்டிக்கும்.

பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். ஓரடிச் சதுரமான மரப்பெட்டி, உட்புறம் தடித்த பலகை. காற்றுக் குழாய்களின் இடைவெளிகளை அடைக்கும் களிம்புக் கட்டிகள் வன்பொருட் கடைகளில் கிடைக்கும். அவற்றை இரண்டு அங்குலத் தடிப்புக்கு அழுத்தி நிரப்ப வேண்டும். சன்னம் அதற்குள் புதைந்துவிடும். தெறிக்காது, சத்தமும் குறைவு. அந்தப் பெட்டிக்குப் பின்னால் நாலடிக்கு நாலடித் தடித்த பலகையொன்றும் வேண்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் பெட்டியையே தவறவிடுவார்கள். உருண்டையான உருக்குக் குண்டுகளை ஒருபோதும் வாங்காதீர்கள். கடினமான எதில் பட்டாலும் சுட்டவனின் முகத்துக்கே திரும்பி வரும். கடதாசி இலக்குக்கு, முனை தட்டையான ஈயச் சன்னம்தான். கடதாசியில் வட்டமாக வெட்டியதுபோலத் துளை விழும், எண்ணுவது இலகு.

எங்களவர் வீடுகளின் பேஸ்மென்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதி வாடகைக்கு விடப்பட்டிருக்கும். மீதியில் பெரிய குளிர்பெட்டி, அரிசி மூட்டை, கலியாண வீட்டுச் சட்டிபானை, வீட்டைச் சூடாக்கும் உலை, வெந்நீர்த் தாங்கி. சுடும் கோட்டுக்குள் உலையோ எரிவாயுக் குழாயோ வந்துவிடக் கூடாது. சுடுகிறவருக்கும் இலக்குக்கும் நடுவில் கதவு எதுவும் திறக்கக் கூடாது. படிக்கட்டும் கதவும் சுடுகிறவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. பத்து மீற்றர் கிடைக்காவிட்டால் ஏழு மீற்றரில் இலக்கை அந்த அளவுக்குச் சிறிதாக்கிக்கொள்ளலாம். ஈயம் நஞ்சு என்பதால் சுடும் இடத்தில் உண்ணவோ குடிக்கவோ கூடாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். நிலத்தைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடவேண்டாம்.

சட்டம் 500 அடிக்குக் கீழே என்றால் அனுமதிப்பத்திரம் கேட்காது என்றேன். அதனால் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கவனமில்லாமல் கையாள்வதும், பத்திரமில்லாமல் வைப்பதும் கனடாவின் குற்றவியல் சட்டத்துக்குள் வரும். பல நகரசபைகளின் துணைவிதிகள், நகர எல்லைக்குள் சுடுவது பற்றிப் பேசும்போது எயார் ரைபிளையும் சேர்த்தே பேசுகின்றன. சில இடங்களில் சொந்த வளவும் விலக்கல்ல. வாங்குவதற்கு முன் நகரசபைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்பது ஐந்து நிமிட வேலை. பின்னர் வில்லை மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்றத்தோடு அது அனுமதிப்பத்திரம் இல்லாத துப்பாக்கி ஆகிவிடலாம். கோடையில் தக்காளியையும் கத்தரியையும் அணில் கடிக்கும்போது வேறொரு யோசனையும் வரும். அந்தச் சக்தி அணிலை ஒழுங்காகக் கொல்லாது, காயப்படுத்தி வதைக்கும். நகருக்குள் அதைச் செய்தால் சட்டமும் தேடி வரும்.

மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 16 யூல் வரை சான்றிதழ் வேண்டாம், வாங்குபவருக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். சன்னம் உங்கள் வேலியைத் தாண்டினால் குற்றம். ஸ்கொட்லாந்தில் 2016 டிசெம்பர் 31 முதல் அனுமதி கட்டாயம், வட அயர்லாந்தில் ஒரு யூலுக்கு மேல் அனுமதி வேண்டும். ஜேர்மனியில் 7.5 யூல் எல்லை. ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்துப் பொறித்திருக்கும். அவுஸ்திரேலியாவில் எயார் ரைபிளுக்கும் அனுமதிப்பத்திரம் உண்டு. கனடாவின் கணக்கை வைத்துக்கொண்டு அங்கே வாங்கப் போக வேண்டாம்.

வீட்டுக்குள் வந்த பிறகு விதிகள் எளியவை, ஆனால் ஒன்றிலும் தளர்வு கூடாது. ரைபிள் பூட்டிய அலுமாரியில், சாவி பெற்றோரிடம், சன்னம் வேறிடத்தில். பிள்ளை தனியாகச் சுடக் கூடாது. தகப்பனோ தாயோ அருகில் இருக்க வேண்டும். சுடுபவரும் பார்ப்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஐந்து யூல் தோலில் பட்டால் காயம், கண்ணில் பட்டால் கண் போய்விடும். மடித்த குழலில் சன்னம் போடும்போது மற்றக் கையால் குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும், தவறி விசை இழுபட்டால் குழல் பாய்ந்து விரலை நசுக்கும். சன்னம் போடாமல் சுருள்வில் ரைபிளைச் சும்மா சுட்டுப் பார்க்கக் கூடாது, பிஸ்டன் அடிபட்டுக் கெடும்.

முதல் வாரங்களில் நடுப்பொட்டைத் தேட வேண்டாம். முன்பக்கக் கையில் இறுகப் பிடிக்காமல், உள்ளங்கையில் சும்மா ஏந்திக்கொண்டு ஐந்து சூடு. ஐந்து துளைகளும் ஒரு டொலர் நாணயத்தால் மூடக்கூடியதாக ஓரிடத்தில் விழுகின்றனவா என்பதை மட்டும் பார்த்தால் போதும், அந்த இடம் இலக்கின் எந்த மூலையாக இருந்தாலும். விழத் தொடங்கிய பிறகு குறிகாட்டியைத் திருகி அந்தக் கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு தரம் திருகுகிறவர்கள் கடைசிவரை எதையும் கற்றுக்கொள்வதில்லை. முதலில் இரண்டு மூன்று வகைச் சன்னங்களில் சிறிய தகரங்களை வாங்கி, எது அந்தக் குழலுக்குப் பிடிக்கிறது என்று பார்த்து, பிறகு ஐந்நூறு கொண்ட தகரத்தை எடுங்கள். தாயாரும் ஒரு நாள் கீழே இறங்கி வந்து ஐந்து சூடு சுட்டுப் பார்க்கட்டும். மருமகன் வீட்டில் அதிக புள்ளி எடுத்தது அவன் மனைவிதான்.